டெல்லி கணேஷிடம் கூத்துக்காரப் பிள்ளைகள் எதைப் படிக்கலாம்?

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துக் குருக்கள்மடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லடியில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறாராம். கேள்வி இதுதான்: "டெல்லி கணேஷ் இறந்தபோது மாபெரும் நடிகர் என்று எல்லோரும் எழுதினார்கள். அவர் கதாநாயகனாக நடித்ததே இல்லை. முழு வில்லனும் இல்லை, முழு நகைச்சுவை நடிகரும் இல்லை. அப்படியானால் எதில் பெரியவர்? கூத்துப் பழகி வளர்ந்த எங்களுக்கு அவரிடம் படிக்க ஏதாவது இருக்கிறதா?"

தம்பி, கேள்விக்குள்ளேயே ஒரு பிழை இருக்கிறது. 1981இல் வந்த 'எங்கம்மா மகாராணி' படத்தில் அவர்தான் நாயகன். அந்த வழியில் அவர் தொடர்ந்து போகவில்லை என்பது வேறு கதை. போகாததுதான் தமிழ் சினிமாவுக்கு நல்லதாகப் போயிற்று என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது 1944 ஓகஸ்ட் முதலாம் திகதி, வல்லநாட்டில். தாமிரபரணிப் பக்கத்து ஊர். அப்போது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தூத்துக்குடி. இருபது வயதில், 1964இல், இந்திய விமானப்படையில் சேர்ந்தார். பத்து வருடம் அங்கே உத்தியோகம். டெல்லியில் இருந்த காலத்தில் தட்சிண பாரத நாடக சபாவில் சேர்ந்து தமிழ் நாடகங்களில் நடித்தார். பெயருக்கு முன்னால் இருக்கும் 'டெல்லி' அங்கிருந்து வந்ததுதான். 1974இல் படையை விட்டு வெளியே வந்து சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

இந்த ஒரு வரியைப் பலரும் சும்மா தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கள் ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள். முப்பது வயதில் ஒருவன் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு, நாடகம் ஆடப் போகிறேன் என்று வீட்டில் வந்து சொன்னால் என்ன நடக்கும்? அன்றைக்கே மாமன்மார் கூடிவிடுவார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போவார்கள். வல்லநாட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கும். மேடையிலே கூலி என்ன, எத்தனை நாளைக்கு அழைப்பு வரும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. அவர் போனார்.

அந்தச் சபா நாடகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கூத்துக் களரியைப் போல விடியவிடிய நடப்பவை இல்லை. சாயங்காலம் தொடங்கி இரண்டு இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பார்க்க வருகிறவர்கள் வேலை முடிந்து வந்த நடுத்தர வர்க்கத்து ஆட்கள். காட்சி மாற்றம் குறைவு. ஒரு கூடம், நாலு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி. மிச்சமெல்லாம் வசனம். ஒருவர் சொன்ன வரிக்குச் சனம் சிரித்தால், அந்தச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் உங்கள் வசனம் சிரிப்பில் மூழ்கிப் போகும். கொஞ்சம் பிந்தினால் மேடை செத்துப்போகும். அந்த அளவு அவருடைய உடம்பில் ஊறியிருந்தது. பிறகு நடித்த எந்தப் படத்திலும் அது தெரியும்.

விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தைக் கே. பாலசந்தர் படமாக்கினார். 1977. கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வரும் ஒரு குடும்பத்தின் கதை. அதில்தான் டெல்லி கணேஷ் திரைக்கு வந்தார். வயது முப்பத்து மூன்று. கதாநாயகக் கனவு காண்கிறவர்களுக்கு அது ஓய்வு பெறுகிற வயது.

இரண்டு வருடம் கழித்து, 1979இல், துரை இயக்கிய 'பசி'. சென்னைச் சேரி ஒன்றில் ரிக்சா ஓட்டும் முனியாண்டி. மகள் குப்பம்மா காகிதம் பொறுக்கிப் பிழைக்கிறாள். ஒரு லொறி ஓட்டுநரை நம்பி ஏமாந்து போகிறாள். குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்கு அந்த வருடத்தின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. டெல்லி கணேஷுக்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு. அதே வருடத்தில்தான் அமிர்தகழியில் பிறந்த எங்கள் பாலு மகேந்திரா 'அழியாத கோலங்கள்' படத்தில் இதே ஷோபாவை வேறொரு வெளிச்சத்தில் காட்டினார். இரண்டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரு நடிகையின் முகம் இயக்குநருக்கு இயக்குநர் எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்காது.

'பசி'யில் அவரைக் கவனியுங்கள். விமானப்படையில் பத்து வருடம் நிமிர்ந்து நின்று பழகிய முதுகு அது. அந்த முதுகை ரிக்சாக்காரனின் முதுகாக மாற்றியிருக்கிறார். தோளைக் குறுக்கிக் காட்டுவதோடு நின்றுவிடவில்லை. நடக்கும்போதும் ஏதோ ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறவரைப் போல ஒரு சாய்வு. பேசுவது மெட்ராஸ் பாஷை. நெல்லைக்காரர் நாக்கில் அது இவ்வளவு இயல்பாக உட்கார்ந்ததை நினைத்து இப்போதும் வியக்கிறேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

யுத்த காலத்தில் படம் பார்த்த கதை உங்கள் வயதுக்குத் தெரியாது. வீட்டில் அம்மாவிடம் கேட்டால் சொல்வார். மின்சாரம் இருக்காது. நாலைந்து வீடு சேர்ந்து காசு போட்டு, ஒரு ரிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, ஒரே இரவில் மூன்று நாலு படக் கொப்பி போடுவோம். முதலாவது சண்டைப் படம். இரண்டாவது ரஜினியோ கமலோ. பிள்ளைகள் தூங்கிப் போன பிறகு, மண்ணெண்ணெய் தீரும் தறுவாயில், 'பெரியாட்களின் படம்' என்று ஒன்று வரும். அப்படி ஒரு இரவில்தான் 'சிந்து பைரவி' பார்த்தோம். 1985இல் வந்த படம், எங்கள் முற்றத்துக்கு வரச் சில வருடம் எடுத்தது.

என் மாமா ஒருவர் அண்ணாவியார். வடமோடிக் கூத்துப் பழக்குவார், மத்தளம் அவர் கை. படம் பார்க்க உட்காரவே மாட்டார்; வேலியோரம் நின்று சுருட்டுப் புகைத்துக்கொண்டிருப்பார். அன்றைக்குத் திரையில் மிருதங்கத்தைக் கண்டதும் கிட்ட வந்துவிட்டார். படத்தில் டெல்லி கணேஷுக்கு மிருதங்க வித்துவான் குருமூர்த்தி வேடம். பாடகர் ஜேகேபியாகச் சிவகுமார். குருமூர்த்திக்குக் குடிப் பழக்கம். குடித்துவிட்டு வந்த அவரைப் பாடகர் கச்சேரியில் சேர்த்துக்கொள்ளாமல், மிருதங்கமே இல்லாமல் பாடிவிடுகிறார். பிற்பாடு அந்தப் பாடகரே குடியில் விழுந்து எழும்ப முடியாமல் கிடக்கிறார் என்பது பாலசந்தர் போட்ட முடிச்சு.

மாமா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த மனிதருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கேட்கத் தெரியும்." நான் விளங்காமல் பார்த்தேன். "விரலைப் பார்க்காதே. பாட்டுக்காரன் இழுக்கும்போது இவருடைய கழுத்தைப் பார்" என்றார். பார்த்தேன். பாடகர் ஒரு சங்கதியைப் பிடித்து இழுக்கிறார். மிருதங்கக்காரரின் தலை அதோடு கூடவே போய், அவர் விடும் இடத்தில் மெல்ல இறங்குகிறது. கை பொய்யாக இருந்தாலும் தலை பொய் சொல்லவில்லை.

உங்கள் கேள்விக்கு மாமா அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். டெல்லி கணேஷ் கேட்கத் தெரிந்த நடிகர்.

களரியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ராசா பாட்டெடுத்தால் அதைத் திருப்பிப் பாட நடுவில் பிற்பாட்டுக்காரர் நிற்பார்கள். ஆடிக் களைத்த ராசா மூச்சு வாங்குவது அவர்கள் தோளில்தான். பிற்பாட்டு சோர்ந்தால் எத்தனை பெரிய ஆட்டக்காரனும் விழுந்துவிடுவான். சனம் ஆட்டக்காரனுக்குத்தான் மாலை போடும். பிற்பாட்டுக்காரரை யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை. ஆனால் அடுத்த வருடம் சட்டம் கொடுக்கும் நாளில், அதாவது ஆட்டக்காரருக்கு வேடத்தையும் பாட்டுத் தாளையும் பிரித்துக் கொடுக்கும் நாளில், அண்ணாவியார் முதலில் விசாரிப்பது "பிற்பாட்டுக்கு யார் யார் நிற்கிறார்கள்?" என்பதைத்தான். நானூறுக்கு மேற்பட்ட படங்கள் என்றால், நாற்பத்தேழு வருடத்தில் வருடத்துக்கு எட்டு ஒன்பது படம். அத்தனை இயக்குநர்களும் அதே கேள்வியைக் கேட்டு, அதே ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மாமா கூத்துப் பழக்கிய இடத்தில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. ராசா வேடக்காரன் பாடிக்கொண்டிருக்கிறான். தூதுவன் வேடத்துக்கு வந்த பெடியன் ஓரத்தில் நின்று காலைச் சொறிகிறான். மாமா மத்தளத்தை நிறுத்திவிட்டார். "ராசா பாடுகிறார். உனக்குக் காலைச் சொறியவா சட்டம் தந்தேன்?" சபை முழுக்கச் சிரிப்பு. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெடியன் ராசா பாடும்போது ராசாவைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகினான். பெரிய நடிகனாக வரவில்லை. மீன் வியாபாரம் செய்கிறான். அது கிடக்கட்டும்.

மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) படத்தை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். வேலு நாயக்கரைச் சுற்றி நிற்கும் ஆட்களில் ஒருவர் ஐயர். அடியாட்கள் கூட்டத்தில் ஒரு ஐயர் எப்படி என்ற கேள்வியே நமக்கு எழுவதில்லை. காரணம், டெல்லி கணேஷ் அங்கே ரவுடியாக நடிக்க முயலவே இல்லை. ஒரு கடையில் கணக்குப் பார்க்கும் ஆள் முதலாளியின் பக்கத்தில் நிற்பது போல நிற்கிறார். கமல்ஹாசன் பேசும்போது இவர் அவர் முகத்தைப் பார்ப்பதைவிட, கேட்டுக்கொண்டிருக்கும் எதிராளியின் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். ஒரு தலைவனோடு பல வருடம் கூட நின்றவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கமலோடு அவர் செய்த படங்களைத் தனியாகவே ஒரு பாடமாக வைக்கலாம். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் நாலு வில்லன்களில் ஒருவர், பிரான்சிஸ் அன்பரசு. அந்தச் சாந்தமான முகத்தில் கொடுமை வரும்போது கூடுதலாகப் பயம் வருகிறது. அடுத்த வருடமே 'மைக்கேல் மதன காமராஜன்'. பாலக்காட்டுச் சமையற்காரர் மணி ஐயர். வளர்ப்பு மகன் காமேஸ்வரனாகக் கமல், வசனம் கிரேசி மோகன். கல்யாணச் சமையல் சாம்பாரில் மீன் விழுந்த காட்சியை நீங்கள் பத்து முறையாவது பார்த்துச் சிரித்திருப்பீர்கள். பதினோராவது முறை சிரிக்காமல் பாருங்கள். இரண்டு பேரும் பாலக்காட்டுத் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒரே இழுவையில் இல்லை. மகன் கொஞ்சம் வழிந்து இழுக்கிறார். அப்பா ஊர் விட்டு வந்து பல அடுப்புப் பார்த்த ஆள், வார்த்தையை வெட்டிப் போடுகிறார். இந்த வேறுபாட்டை எந்த வசனகர்த்தாவும் தாளில் எழுதித் தர முடியாது. 'அவ்வை சண்முகி' (1996) படத்தின் சேதுராமையர் இன்னொரு வகை. ஜெமினி கணேசன் வீட்டுச் செயலாளர். வாய் நிறையப் பணிவு, கண் மாத்திரம் எப்போதும் லாபநட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்.

பேச்சு வழக்கைப் பற்றிப் பேசும்போது 'தெனாலி'யைச் சொல்லாமல் விட முடியாது. 2000ஆம் வருடம். கமல் இலங்கைத் தமிழ் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு எங்கள் பக்கமெல்லாம் ஒரே பரபரப்பு. பார்த்து முடித்ததும் என் பெரியம்மா, "இது எங்களுடைய தமிழ் இல்லையே, மகன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உண்மைதான், யாழ்ப்பாணத்தை நோக்கி எய்த அம்பு அது, மட்டக்களப்புப் பக்கம் வரவே இல்லை. அதே படத்தில் டெல்லி கணேஷ் பொறாமை பிடித்த மனநல மருத்துவர் பஞ்சபூதம். சக மருத்துவரின் பேரைக் கெடுக்க, எதற்கும் பயப்படும் தெனாலியை அவரிடம் அனுப்பிவைக்கிறார். அனுப்பிய வேலை ஒவ்வொரு முறையும் தலைகீழாகிப்போகும். அப்போதெல்லாம் அந்த முகம் படும் பாட்டைப் பாருங்கள். வாயைத் திறக்காமலே ஒரு மனிதன் வயிற்றெரிச்சலில் வேகுவதை நடித்துக் காட்டியிருப்பார்.

குரலையும் விட்டுவிடக் கூடாது. பாலசந்தரின் '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர் இவர்தான். படம் முழுக்கச் சிரஞ்சீவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, டெல்லி கணேஷ் என்ற ஆளை நாம் ஒரு கணமும் நினைப்பதில்லை. அதைவிடப் பெரிய பிற்பாட்டு வேறு என்ன?

தொலைக்காட்சிக்கு வருகிறேன். நீங்கள் நாடகம் படிக்கிறவர் என்பதால் தொடர் நாடகங்களை இளக்காரமாகப் பார்ப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். பிறகுதான் அந்த வேலையின் கடினம் புரிந்தது. சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடக் காட்சி எடுத்தால் போதும். தொடரில் ஒரு நாளைக்கு ஒரு முழுப் பாகம் எடுக்க வேண்டும். வசனத் தாள் காலையில்தான் கையில் வரும். சில வேளை ஒருவர் பக்கத்தில் நின்று வாசிக்க வாசிக்க அதைப் பிடித்துச் சொல்ல வேண்டும். ஒத்திகை என்பதே கிடையாது. சபா மேடையில் பழகியவர்கள்தான் அதைத் தாங்குவார்கள். டெல்லி கணேஷ் தாங்கினார். நம் வீடுகளுக்குள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவாக, தாத்தாவாக, பெரியவராக வந்துகொண்டே இருந்தார். என் பெரியம்மாவுக்கு அவர் பேரே தெரியாது. "அந்த அப்பா வந்துவிட்டாரா?" என்றுதான் கேட்பார். அவர் அழுதால் பெரியம்மாவின் கையில் சோறு அப்படியே நிற்கும்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றையும் புகழ்ந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வந்த எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவர். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் பல படங்களில் அவர் வாசலில் நின்று "வாங்கோ, வாங்கோ" என்று வரவேற்கும் ஐயராகவோ, மகள் கல்யாணத்துக்குப் பணம் தேடும் தகப்பனாகவோ வந்துபோனார். அந்த வேடங்களில் அவர் முழுமனதோடு இல்லை என்பது தெரியும், பழக்கத்தில் செய்தார். 'பசி'யில் ரிக்சாக்காரராக அப்படி நின்றவரை, சினிமா பூணூலுக்குள் கட்டிப்போட்டது எனக்கு இன்றும் ஆதங்கம்தான். பிழை அவருடையதா, அவரை அழைத்தவர்களுடையதா என்றால், முக்கால்வாசி அழைத்தவர்களுடையது என்பேன்.

கடைசிக் காலத்தில் அந்தக் கட்டு கொஞ்சம் அவிழ்ந்தது. 'பாபநாசம்' (2015) படத்தில் கமலின் மாமனாராகத் தன் சொந்த நெல்லைச் சீமைக்கே திரும்பி வந்தார். 'இரும்புத்திரை' (2018) படத்தில் விஷாலின் தகப்பனாக, கடன் வாங்கியே பழகிப்போன ஒருவர். மகன் முன்னால் குற்றவாளி போல நிற்பதும், அடுத்த நிமிடமே அதை மறந்துவிடுவதுமாக இருக்கும் இரண்டு பேரை எங்கள் தெருவிலும் எனக்குத் தெரியும். இளம் பெடியன்கள் எடுத்த குறும்படங்களுக்கும் போய் நடித்தார். பாட்மன் சென்னையில் பிறந்திருந்தால் என்ற கேலிக் குறும்படத்தில் அவர் பாட்மனின் வீட்டுப் பணியாளர் அல்பிரட். அந்த வயதில் அதற்குச் சம்மதிக்க ஒரு குறும்பு வேண்டும்.

விருது என்று பார்த்தால் தமிழ்நாடு அரசின் கலைமாமணி உண்டு. இந்த உழைப்புக்கு அது குறைவு. 2024 நவம்பர் 9ஆம் திகதி இரவு சென்னையில் காலமானார், வயது எண்பது. அந்த வருடம் வெளியான 'இந்தியன் 2' வரை நடித்துக்கொண்டுதான் இருந்தார். இறுதி மரியாதைக்கு விமானப்படையினர் வந்திருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் விட்டுவிட்டு வந்த உத்தியோகம் கடைசி நாளில் வந்து நின்றது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சிறப்பிதழ்களையும் அஞ்சலிக் கட்டுரைகளையும் ஒரு பக்கம் வையுங்கள். 'சிந்து பைரவி'யில் இருந்து தொடங்குங்கள். கச்சேரிக் காட்சிகளை முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தின் சாம்பார்க் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கடைசியாகப் 'பசி'. பார்த்து முடித்து அடுத்த கிழமை உங்கள் ஊரில் கூத்துப் பழக்கம் நடந்தால், ராசா வேடம் கேட்காதீர்கள். பிற்பாட்டுக்கு நிற்கிறேன் என்று அண்ணாவியாரிடம் சொல்லுங்கள். ஒரு முழு இரவு நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். டெல்லி கணேஷைப் பற்றி மிச்சத்தை அதற்குப் பிறகு பேசலாம்.